கேசட்டிலிருந்து ஒரு டி-ஷர்ட்: முதல் 100 பீஸ்

பாட்டும் சினிமாவும் பிடித்த ஒருவர் சொந்தமாக ஒரு உடுப்பு லேபிள் தொடங்கினால், முதல் டிசைன் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்: கறுப்பு டி-ஷர்ட், நெஞ்சில் பாடகரின் முகம், கீழே பாட்டின் ஒரு வரி. செய்வது சுலபம். அதனாலேயே அதே முகத்தை இன்னும் இருபது பேர் அச்சடித்திருப்பார்கள். திருப்பூர் காதர்பேட்டையில் அதே மாதிரி ஒன்று உங்கள் விலையில் பாதிக்குத் தொங்கும். சட்டப்படி வம்பில் மாட்டிவிடும் டிசைனும் அதுதான்.

இசையில் முகத்தையும் வரியையும் தாண்டி எடுக்க எவ்வளவோ இருக்கிறது. அதைக் கேட்ட கருவி, அந்தக் கருவியின் அளவு, அதைச் சுற்றியிருந்த பழக்கம் எல்லாமே துணிக்குள் கொண்டுவரக்கூடியவை. 1970-களின் நடுவில் லண்டன் கிங்ஸ் ரோடு 430-ஆம் எண் கடையில் உடை வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட்டும் அவருடைய கூட்டாளி மால்கம் மக்லாரனும் பங்க் இசைக்கான உடுப்பைத் தேடியபோது ஜிப், ஊக்கு, வார்ப்பட்டை, கிழிசல் இவற்றில்தான் அந்தச் சத்தத்தைக் கண்டுபிடித்தார்கள். யாழ்ப்பாணத்தில் வளர்ந்து லண்டன் சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸில் படித்த பாடகி எம்.ஐ.ஏ., 2013-ல் வெர்சேஸின் வெர்சஸ் பிரிவுக்குச் செய்த உடுப்புகளுக்கு மூலம், லண்டன் சந்தைகளில் விற்ற போலி வெர்சேஸ் சட்டைகள்தான். 2018 ஜனவரியில் சென்னையில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவினர் கானாவும் ராப்பும் பாட, ஒரே மாதிரி சூட் அணிந்து மேடையேறினார்கள். அச்சு எதுவும் தேவைப்படவில்லை, அந்தக் கோட்டே பேசியது.

ஆகவே இங்கே எடுத்துக்கொள்ளும் பொருள் கேசட். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் ரெக்கார்டிங் சென்டர் இருந்தது. நோட்டுத்தாளில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்தால், 60 நிமிட கேசட்டில் ஏ சைடுக்கு ஆறு பாட்டு, பி சைடுக்கு ஆறு பாட்டு என்று பதிந்து, உள்ளே செருகும் அட்டையில் பாட்டின் முதல் அடியைக் கையால் எழுதித் தருவார்கள். அந்தக் கோடு போட்ட அட்டைதான் நம் டிசைன். முதுகில் ஏ சைடு ஆறு கோடு, பி சைடு ஆறு கோடு, எல்லாம் காலியாக. வாங்குபவர் துணியில் எழுதும் மார்க்கரால் தன் பாட்டுகளைத் தானே எழுதிக்கொள்வார். நாம் அச்சடிப்பதில் யாருடைய பாட்டும் இல்லை.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். இந்தியாவில் பாடல் வரிக்கான பதிப்புரிமை எழுதியவர் இறந்து 60 ஆண்டு வரை நிற்கும். ஒற்றை வரி என்றாலும், "ரசிகர் செய்தது" என்று கீழே போட்டாலும் அது பாதுகாப்பு ஆகாது. பாரதியார் வரிகளுக்கும் சங்கப் பாடல்களுக்கும் குறளுக்கும் அந்தத் தடை இல்லை. முகம் வேறு கதை: ரஜினிகாந்த் தொடுத்த வழக்கில், அவருடைய பெயரையும் உருவத்தையும் பேசும் பாணியையும் அனுமதியின்றி ஒரு படத்தில் பயன்படுத்த சென்னை உயர் நீதிமன்றம் 2015-ல் தடை விதித்தது. டி-ஷர்ட்டுக்கும் அதே வாதம் செல்லும். இசைக்குழுக்களின் லோகோவும் கேசட் கம்பெனிகளின் பெயரும் வணிகச்சின்னங்கள். கேசட் படம் வரையும்போது அதன் மேலிருக்கும் பிராண்ட் பெயரையும் சேர்த்து வரைந்துவிடாதீர்கள். எழுத்துருவையும் பார்க்க வேண்டும். கேடமரான், முக்தா மலர், பாலு தம்பி, ஹிந்த் மதுரை போன்றவை திறந்த உரிமத்தில் வருபவை, விற்பனைச் சரக்கில் தாராளமாகப் போடலாம். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் மற்ற எழுத்துருக்களுக்கு உரிமத்தைப் படித்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

இனி துணி. ஓவர்சைஸ் டி-ஷர்ட்டுக்கு 240 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டரின் எடை, கிராமில்) சிங்கிள் ஜெர்சி, 100% கோம்டு காட்டன். 180-ல் தைத்தால் தோள் கீழிறங்கிய அந்த வெட்டு உடம்பில் ஒட்டித் தொங்கும், நினைத்த வடிவம் நிற்காது. கடைக்காரர் சொல்லும் ஜிஎஸ்எம்மை நம்பாமல் 100 சதுர செ.மீ. வட்டமாக வெட்டி எடை போடுங்கள், 2.4 கிராம் வர வேண்டும். முதல் லாட்டுக்குத் தனி நிறம் சாயம் போடப் போகாதீர்கள். சாயப்பட்டறையில் சின்ன லாட்டுக்குக் கிலோ விலை ஏறும், ஷேட் பிசகினால் முழுச் சரக்கும் உங்கள் தலையில். தயாராக இருக்கும் கறுப்பை எடுங்கள். நூறு பீஸும் ஒரே சாய லாட்டிலிருந்து வர வேண்டும்; இரண்டு லாட் கலந்தால் உடலும் கையும் வேறு வேறு கறுப்பாக நிற்கும், வெயிலில் பார்த்தால் உடனே தெரியும்.

எவ்வளவு வாங்குவது? எம் சைஸில் நீளம் 73 செ.மீ., கை 24, மடிப்புக்கும் தையலுக்கும் 10: மொத்தம் 107. பாதி மார்பு 58, தையலுக்கு 4, ஆக 62. முன்னும் பின்னும் சேர்த்து 124. இரண்டையும் பெருக்கினால் 13,268 சதுர செ.மீ., அதாவது 1.327 சதுர மீட்டர். அதை 240-ஆல் பெருக்கினால் 318 கிராம். வெட்டுக் கழிவு 10% சேர்த்தால் ஒரு பீஸுக்கு 350 கிராம். நூறு பீஸுக்கு 35 கிலோ, கழுத்துக்கு வைக்கும் நீளும் பின்னல் துணியான ரிப் தனி. துணியின் டயா (குழாயாகப் பின்னிய துணியின் அகலம்) உங்கள் மார்க்கருக்கு, அதாவது துண்டுகளை அடுக்கி வரைந்த வெட்டுத் திட்டத்துக்கு, பொருந்தாவிட்டால் கழிவு 10%-இல் நிற்காது, ஆகவே பேட்டர்ன் முடிந்த பிறகே டயாவைச் சொல்லுங்கள்.

வாங்கும் முன் ஒரு சோதனை கட்டாயம். 50 செ.மீ. சதுரம் குறித்து மூன்று முறை துவைத்துக் காயவைத்து அளக்க வேண்டும். 48.5 வந்தால் 3% சுருக்கம், நல்ல துணி. 47-க்குக் கீழே போனால் காம்பாக்டிங் (துணியை ஆலையிலேயே முன்கூட்டிச் சுருக்கிவிடுவது) சரியில்லை, வேண்டாம். சதுரம் சாய்ந்து போயிருந்தால் முறுக்கு இருக்கிறது என்று அர்த்தம். ஒற்றை நூலின் முறுக்கு துவைத்ததும் விடுபட முயல்வதால் வருவது அது. அந்தத் துணியில் தைத்தால் பக்கத் தையல் இரண்டே சலவையில் வயிற்றுக்கு முன்னால் வந்து நிற்கும். எந்த டைலராலும் அதைச் சரிசெய்ய முடியாது.

அச்சுதான் இதில் மிகவும் யோசிக்க வேண்டிய இடம். முதுகில் 30 செ.மீ. அகலத்துக்குக் க்ரீம் நிறக் கட்டம் வேண்டும், அதன் மேல் மார்க்கர் எழுத வேண்டும். கறுப்பின் மேல் வெளிர் நிறம் என்றதும் பிளாஸ்டிசாலில் (பிளாஸ்டிக் வகை மை) வெள்ளை அடிப்பூச்சு, சூடு காட்டிப் பாதி உலர்த்தும் ஃபிளாஷ், அதன் மேல் க்ரீம் என்று சொல்வார்கள். அப்படி அடித்தால் 30 செ.மீ. அகலத்தில் ரப்பர் ஷீட் ஒன்று முதுகில் ஒட்டிக்கொண்டதுபோல் இருக்கும், சென்னை மே மாதத்தில் உள்ளே வேர்த்து ஊறும். பிளாஸ்டிசால் மேல் மார்க்கர் மையும் பிடிக்காது, விரலோடு வந்துவிடும். டிசைனைப் பிலிமில் அச்சிட்டுத் துணியில் சூட்டால் ஒட்டும் டிடிஎஃப்பும் அப்படித்தான். பத்துப் பீஸ் வேண்டுமென்றால் வசதி, ஆனால் இவ்வளவு பெரிய கட்டத்துக்குக் காற்றுப் போகாத தாள்.

இந்த டிசைனுக்குச் சரியானது டிஸ்சார்ஜ். மை துணியின் மேல் உட்காராமல் சாயத்தையே அந்த இடத்தில் அழித்துவிடும், கூடவே கலந்த நிறமியைத் தங்கவைக்கும். தடவினால் வெறும் துணிதான் கைக்குப் படும். மார்க்கர் பருத்தியில் எழுதுவதுபோலவே பிடிக்கும். கறுப்பைப் பெரும்பாலும் தூய வெள்ளையாக அழிக்காது, க்ரீமாகவோ மணல் நிறமாகவோ விடும். மற்ற டிசைனுக்கு அது குறை, பழைய கேசட் அட்டைக்கு அதுதான் வேண்டும்.

ஆனால் டிஸ்சார்ஜுக்கு நிபந்தனைகள் உண்டு. பருத்தி 100% இருக்க வேண்டும். பாலியஸ்டர் கலந்தால் அந்த இழை மட்டும் நிறம் மாறாமல் புள்ளி புள்ளியாக நிற்கும். சாயம் ரியாக்டிவ்வாக (பருத்தி இழையோடு வேதிமுறையில் பிணையும் வகை) இருக்க வேண்டும். சல்ஃபர் கறுப்பு அழியாது. ரியாக்டிவ்விலும் டர்காய்ஸ் சேர்ந்த நிறங்கள் அடம்பிடிக்கும். துணிக்கடையில் கேட்டால் "எல்லாம் ஆகும்" என்றுதான் பதில் வரும். ஆகவே 35 கிலோவுக்குப் பணம் கட்டும் முன் அதே ரோலிலிருந்து ஒரு துண்டு வாங்கி, அச்சகத்தில் அடித்துப் பார்த்துவிடுங்கள். கலவையில் டிஸ்சார்ஜ் பவுடர் எடையில் 6% அளவில் தொடங்கலாம். கலந்த மை சில மணி நேரத்தில் வலுவிழக்கும். காலையில் கலந்ததை மாலை வரை அடித்தால் முதல் ஐம்பது பீஸ் க்ரீமாகவும் மிச்சம் பழுப்பாகவும் வரும். தேவைக்கு மட்டும் கலக்கச் சொல்லிப் பக்கத்தில் நிற்பது நல்லது. கியூரிங், அதாவது அச்சைச் சூட்டில் நிலைக்கவைப்பது, 160 டிகிரியில் ஒன்றரை முதல் இரண்டு நிமிடம், உள்ளே காற்றோட்டம் வேண்டும். பாதியில் வெளியே வந்த பீஸில் சாயம் முழுக்க அழியாது. அடித்தபின் கந்தக வாடையும் ரசாயன மிச்சமும் இருக்கும், பேக்கிங்குக்கு முன் ஒரு முறை துவைத்தே ஆக வேண்டும். குழந்தை உடுப்புக்கு இந்த முறை வேண்டாம்.

அடுத்தது எழுத்து. இதைத் தமிழில் அச்சடிக்கும் யாரும் ஒதுக்க முடியாது. கட்டத்தின் தலையில் "ஏ சைடு", "பி சைடு", அதற்குக் கீழே சின்னதாக "பாட்டின் பெயர்". டிசைன் மென்பொருளில் தெற்காசிய எழுத்துக்கான கம்போஸரைத் தேர்வு செய்யாவிட்டால் கொம்பும் காலும் பிரிந்து கிடக்கும். திரையில் சரியாகத் தெரிந்தாலும் அச்சகத்தின் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இருக்காது, அங்கே திறந்ததும் கலைந்துவிடும். அனுப்பும் முன் எல்லா எழுத்தையும் அவுட்லைனாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவமாக) மாற்றுங்கள், மாற்றியபின் தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒருவரை ஒரு முறை படிக்கச் சொல்லுங்கள்.

பிறகு புள்ளி. இந்தக் கட்டத்தில் எழுத்தெல்லாம் மை படாத கறுப்பாக விடுபடுபவை, சுற்றிலும் மை. மை எப்போதும் கொஞ்சம் பரவும். கோடு 0.7 மி.மீ.க்கு மெல்லியதாக இருந்தால் நடுவில் விட்டுவிட்டுத் தெரியும். புள்ளியின் விட்டம் 1 மி.மீ.க்குக் குறைந்தால் மூடிக்கொள்ளும். ஆங்கில எழுத்தில் ஐ-யின் மேல் புள்ளி போனால் யாரும் கவனிக்க மாட்டார்கள். தமிழில் புள்ளி போனால் எழுத்தே மாறிவிடும்: "பாட்டின்" என்பது "பாடடின" ஆகிவிடும். எழுத்துருவில் இருக்கும் புள்ளியை அப்படியே விடாமல், அவுட்லைனாக்கியபின் ஒவ்வொரு புள்ளியையும் கையால் 1.2 மி.மீ.க்குப் பெரிதாக்குங்கள். ண, ஞ, ழ போன்றவற்றின் உள்சுழிகளையும் கொஞ்சம் திறந்துவிடுங்கள். மற்றொரு டிசைனில் பஃப் பிரிண்ட் (சூட்டில் உப்பி நிற்கும் மை) போட ஆசைப்பட்டால் இன்னும் கவனம். பஃப் உப்பும்போது பக்கவாட்டிலும் பரவும், ழ-வின் சுழி அடைத்து உருண்டையாகிவிடும். பஃப்புக்குத் தடித்த எழுத்து, பெரிய இடைவெளி, குறைந்த வார்த்தை.

ஸ்கிரீன் இரண்டு போதும்: க்ரீம் கட்டத்துக்கு ஒன்று, அதன் மேலே வரையும் கேசட்டின் இரண்டு சக்கரங்களின் பழுப்புக்கு ஒன்று. பழுப்பும் டிஸ்சார்ஜ் மைதான். ஸ்கிரீன் வலையின் மெஷ் 55டி (செ.மீ.க்கு 55 இழை) சுற்றி இருந்தால் மை துணிக்குள் இறங்கும். 120டி போட்டால் மை போதாமல் கறுப்பு எட்டிப் பார்க்கும். திருப்பூரில் வெட்டிய பீஸிலேயே, தைக்கும் முன் அச்சடிப்பது வழக்கம். தட்டையாகக் கிடப்பதால் அச்சு சுத்தமாக விழும், கெட்டுப்போனால் முதுகுத் துண்டு ஒன்றோடு நஷ்டம் முடியும். பண்டில் நம்பர் ஸ்டிக்கர் மட்டும் அச்சகத்தில் உதிர்ந்துவிடக் கூடாது; எல் முதுகும் எக்ஸ்எல் முன்பக்கமும் ஜோடி சேர்ந்துவிடும். கட்டத்தின் மேல் விளிம்பு முடிந்த கழுத்துத் தையலிலிருந்து 10 செ.மீ. கீழே வர வேண்டும். வெட்டிய பீஸில் அளக்கும்போது தையலுக்கு விட்ட 1 செ.மீ.யையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

தையலில் இரண்டு நுணுக்கம். கேசட் நாடாவின் அகலம் 3.81 மி.மீ. தோளிலிருந்து கை விளிம்பு வரை, கையின் நடுவில் ஓடும் தையலில் 4 மி.மீ. தெரியும்படி பழுப்பு சாட்டின் பைப்பிங் (தையலிடையே வெளியே தெரியும் மெல்லிய பட்டை) வைத்தால் அச்சு அசல் நாடா போலவே மின்னும். சாட்டினை 45 டிகிரி குறுக்குவாட்டில் வெட்ட வேண்டும், நேராக வெட்டினால் விறைத்துக்கொண்டு நிற்கும். சிக்கல் சலவையில் வரும்: டிஸ்சார்ஜுக்காக எப்படியும் துவைக்கிறோம், ஜெர்சி 3% சுருங்கும், பாலியஸ்டர் சாட்டின் சுருங்காது, பைப்பிங் பாம்பு மாதிரி நெளியும். தைக்கும்போதே பைப்பிங்கை லேசாக இழுத்துப் பிடித்து, அளவில் 2 முதல் 3% குறைவாக உள்ளே போகச் செய்தால் சலவைக்குப் பின் சமமாகும். நூறையும் தைக்கும் முன் இரண்டு கையை மட்டும் தைத்துத் துவைத்துப் பாருங்கள். அக்குளைச் சுற்றிப் பைப்பிங் வைக்க வேண்டாம், சட்டையைக் கழற்றும்போது ஜெர்சி நீளும், சாட்டின் நீளாது, நூல் அறுந்துவிடும்.

நெஞ்சில் கேசட் நுழையும் பாக்கெட். கேசட் 10 செ.மீ. அகலம், 6.4 உயரம், 1.2 தடிமன். பாக்கெட்டின் உள்அகலம் 11.5, ஆழம் 8 வைத்தால் சிக்காமல் போய்வரும். வெறும் ஜெர்சியில் வைத்தால் கேசட் கனத்தில் நெஞ்சுப் பக்கம் தொங்கிவிடும். சட்டையின் உட்பக்கம் பாக்கெட் அளவுக்கு மெல்லிய ஃபியூசிங் (சூட்டில் ஒட்டும் தாங்கு துணி) ஒட்டி, வாய் மடிப்பிலும் ஒரு பட்டை ஒட்டி, இரண்டு மூலையிலும் பார்டாக் (நெருக்கமான உறுதித் தையல்) அடிக்க வேண்டும். கழுத்துக்கு லைக்ரா கலந்த 1×1 ரிப், கழுத்துச் சுற்றளவில் 80 முதல் 85% நீளம். அதற்கு மேல் விட்டால் கழுத்து அலையடிக்கும், குறைத்தால் கழுத்தைச் சுற்றிச் சுருக்கம் விழும். ஊசி முனை உருண்டையானதாக இருக்க வேண்டும். கூர் ஊசியோ முனை மழுங்கிய ஊசியோ இழையை வெட்டும், துவைத்த பிறகுதான் தையல் ஓரம் முழுக்கப் பொத்தல் தெரியும்.

செக்கிங் மேசையில் சுருங்கிய அளவுதான் கணக்கு. சலவைக்கு முன் அளந்து சரி என்று அனுப்பிவிடாதீர்கள்.

காசுக் கணக்கை ஒரு மாதிரிக்குப் பார்ப்போம். விலைகள் மாதத்துக்கு மாதம் மாறும், முறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். துணி கிலோ 520 ரூபாய் என்றால் 350 கிராமுக்கு 182. ரிப் 15, வெட்டித் தைக்க 70, அச்சு 60, சலவை 10, பைப்பிங்கும் ஃபியூசிங்கும் 15, லேபிள் டேக் கவர் 20, செக்கிங் அயர்னிங் 12. கூட்டினால் 384. நூற்றில் ஐந்து பீஸ் கழிவாகும் என்று வைத்து 0.95-ஆல் வகுத்தால் 404. இதோடு நிறுத்துபவர்கள்தான் அதிகம். ஸ்கிரீன் 1,000, சாம்பிள் 3,000, போட்டோ 6,000; நூறால் வகுத்தால் பீஸுக்கு இன்னொரு 100. உண்மையான அடக்கம் 504.

விற்பனை விலை 1,199 என்று வைத்தால் அதற்குள் 5% ஜிஎஸ்டி இருக்கிறது (2025 செப்டம்பர் 22 முதல் 2,500 ரூபாய் வரையான உடுப்புக்கு 5%, அதற்கு மேல் 18%). வரி போக 1,142. கூரியர் 80, பணம் வாங்கும் கட்டணம் 24 போக, மிச்சம் 534. எழுபது பீஸ் விற்று முப்பது தேங்கினால் 37,380-இல் 15,120 போய்க் கையில் நிற்பது 22,260. விளம்பரச் செலவு, திரும்பி வரும் பார்சல் எல்லாம் இதற்குள்தான். ஆகவே சைஸ் பிரிப்பில் கவனம் வேண்டும்: எஸ் 15, எம் 30, எல் 35, எக்ஸ்எல் 20 என்று தொடங்கலாம். தேங்குவது பெரும்பாலும் எஸ்தான், ஓவர்சைஸ் வெட்டு என்பதால் எஸ் போடுபவரும் எம்-ஐக் கூச்சமில்லாமல் வாங்குவார்.

பெங்களூருக்கோ கொச்சிக்கோ ஒரு பீஸ் அனுப்புவதாக இருந்தாலும் ஜிஎஸ்டி பதிவு வேண்டும், விற்பனை எவ்வளவு சிறியதாக இருந்தாலும். பதிவு இல்லையென்றால் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்க வேண்டியிருக்கும். டேக்கில் எம்ஆர்பி, சைஸ், உங்கள் பெயர் முகவரி, புகார் சொல்ல எண் கட்டாயம்.

பார்சலில் மார்க்கரையும் சேர்த்து வையுங்கள். துணிக்கான நிறமி மார்க்கர், கறுப்பு, முனை 1 மி.மீ. சாதாரணப் பெர்மனென்ட் மார்க்கர் பருத்தியில் பரவும், நாலைந்து சலவையில் ஊதாவாக வெளிறிவிடும். ஒரு சின்னத் தாளில் மூன்றே வரி: உள்ளே அட்டை வைத்து எழுதவும், எழுதி ஒரு நாள் காயவிடவும், மேலே வேறு துணி வைத்து அயர்ன் பண்ணவும். பழுப்பு சாட்டின் இருப்பதால் அயர்ன் சூடு நடுத்தரத்தைத் தாண்டக் கூடாது என்பதையும் அங்கேயே எழுதிவிடுங்கள்.

நூறும் போனதும் அடுத்த லாட்டுக்குத் துணி வாங்கப் போகும்போது, முதல் லாட்டில் அச்சடித்துத் துவைத்த ஒரு முதுகுத் துண்டைக் கையில் எடுத்துப் போங்கள். கறுப்பு அதே கறுப்பாகத் தெரிந்தாலும் சாயக் கலவை மாறியிருக்கும், அழிந்து வரும் க்ரீம் வேறாக இருக்கும். புது ரோலில் ஒரு துண்டு அடித்து, பழைய துண்டுக்குப் பக்கத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.